கடும் ஆஸ்துமாவுக்கு பிராங்கியல் தெர்மோபிளாஸ்டி: சம்மதம் சொல்லும் முன் லாப நட்டம் பார்ப்பது எப்படி

இன்ஹேலரை அதிகபட்ச அளவில் இழுத்தும், மாத்திரை சேர்த்தும் இளைப்பு அடங்காத சிலரிடம் நுரையீரல் டாக்டர்கள் பிராங்கியல் தெர்மோபிளாஸ்டி பற்றிப் பேசுவதுண்டு. மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட்டு, குழாயின் சுவருக்கு அளவாகச் சூடு கொடுக்கும் சிகிச்சை இது. இதன் நட்டம் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். லாபம் அதற்குப் பிறகு, மாதங்களாகவும் வருஷங்களாகவும் வரும். மருந்தை நிறுத்துவது போல, ஒருமுறை கொடுத்த சூட்டைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அந்த வேலையில் பாதியை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டில் இருந்தபடியே முடிக்கலாம்.

உள்ளே என்ன செய்கிறார்கள்

பல வருஷ ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை தடித்துப்போகிறது. புகை, தூசி, சளிக்காய்ச்சல் என்று எது பட்டாலும் அந்தத் தசை இறுகிக் குழாயை நெரிக்கிறது. சூடு கொடுப்பது அந்தத் தசையின் பருமனைக் குறைக்கத்தான்.

மயக்கம் கொடுத்து, வாய் அல்லது மூக்கு வழியாக பிராங்கோஸ்கோப்பை, அதாவது மூச்சுக்குழாயின் உள்ளே பார்க்கும் டியூப்பை, இறக்குவார்கள். அதன் உள்வழியாக ஒரு மெல்லிய கத்தீட்டர் போகும். அதன் நுனியில் நான்கு கம்பிகள் சின்னக் கூடை போல விரிந்து குழாயின் சுவரைத் தொடும். 10 விநாடி மின்னாற்றல் போகும். சுவர் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். கூடையை மடக்கி, 5 மில்லிமீட்டர் பின்னால் இழுத்து, மறுபடி விரித்து அடுத்த 10 விநாடி. 3 முதல் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்களில், தூரத்தில் தொடங்கி அருகே வரும்படி இப்படியே பல டஜன் தடவை. ஒரு அமர்வுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும்.

மொத்தம் மூன்று அமர்வு. முதலில் வலது கீழ்ப்பகுதி, அடுத்து இடது கீழ்ப்பகுதி, மூன்றாவதாக இரண்டு பக்க மேல்பகுதிகளும். ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது 3 வாரம். வலது நடுப்பகுதியை வழக்கமாகத் தொடுவதில்லை. அங்கே குழாய் குறுகல், வீங்கினால் அந்தப் பகுதி அடைத்துச் சுருங்கிவிடும் என்ற அச்சம்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010ல் இதற்கு அனுமதி கொடுத்தது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் நீண்ட நேரம் வேலை செய்யும் மூச்சுக்குழல் விரிப்பியும் சேர்த்து எடுத்தும் கட்டுப்படாத கடும் ஆஸ்துமாவுக்கு மட்டுமே அந்த அனுமதி. உலக அளவில் டாக்டர்கள் பின்பற்றும் ஜினா வழிகாட்டி இன்னும் கறாராக இருக்கிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும், அதுவும் ஆய்வு அல்லது முறையான பதிவேட்டின் கீழ் செய்யச் சொல்கிறது. இந்த வேறுபாட்டை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். "என்னுடைய விவரம் ஏதாவது பதிவேட்டில் ஏறுமா, ஒரு வருஷம் கழித்து யார் என்னைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்" என்பது நியாயமான கேள்வி.

முதலில், இது கடும் ஆஸ்துமாதானா?

சிகிச்சைக்கு அடங்காத ஆஸ்துமா வேறு, கடும் ஆஸ்துமா வேறு. ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு அது அடங்குவதில்லை. இன்ஹேலரைச் சரியாக இழுக்க வைத்து, ஒழுங்காக எடுக்க வைத்த பிறகும் அடங்காமல் மிஞ்சுபவர்கள் 4 சதவீதத்துக்கும் கீழ்தான். மீதிப்பேருக்குச் சூடு வைப்பது தேவையில்லாத ஆபத்து. எனவே இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பணத்தையும் உடம்பையும் அதிகம் காப்பாற்றப்போவது இதுதான்.

இன்ஹேலர் கணக்கில் தொடங்குங்கள். 120 டோஸ் உள்ள டப்பா, காலை இரண்டு இரவு இரண்டு என்று இழுத்தால் 30 நாளில் தீரும். அப்படியானால் வருஷத்துக்கு 12 டப்பா வாங்கியிருக்க வேண்டும். மருந்துக்கடைப் பில்லை எடுத்து எண்ணிப் பாருங்கள். 5 டப்பாதான் என்றால், எழுதிக் கொடுத்த மருந்தில் பாதிகூட நுரையீரலுக்குப் போகவில்லை. டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து மிச்சம் பார்க்கும் பழக்கம் நம்பகமானதல்ல. எண் காட்டும் டப்பாவாக வாங்குங்கள், இல்லையென்றால் தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள்.

அடுத்தது இழுக்கும் முறை. அழுத்தி இழுக்கும் இன்ஹேலருக்கு மெதுவான மூச்சு வேண்டும். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) ஒரே ஒரு பஃப் அழுத்தி, ஐந்து விநாடி மெதுவாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். இரண்டு பஃப்பைச் சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். காப்ஸ்யூல் போட்டு இழுக்கும் கருவிக்கு நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் ஈரம் ஏறிய காப்ஸ்யூலில் பொடி கட்டிப்போகும். பாட்டிலைத் திறந்து வைக்காதீர்கள், குளியலறை அலமாரியில் வைக்கவே வேண்டாம். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்து ஒட்டவைக்கும்.

பிறகு நீங்கள் சுவாசிக்கும் காற்று. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும். அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையும் தோல் உரிக்கும் தூசியும், ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கூடம், கதம்பல் அடித்து நார் எடுக்கும் இடம், கருவாட்டுத் தூள், வீட்டுக்குள் ஓலையும் சிரட்டையும் எரியும் அடுப்பு, தோவாளைப் பூக்கூடைகளின் மகரந்தம். வேலையால்தான் இளைப்பா என்று தெரிந்துகொள்ள ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் போதும். ஒரு நாளில் நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் மூன்று முறை ஊதி அதில் கூடியதை எழுத வேண்டும். நான்கு வாரம் எழுதுங்கள், வேலைக்குப் போகாத நாட்களும் அதில் இருக்கட்டும். லீவு நாளில் அளவு ஏறி, திங்கட்கிழமை மறுபடி இறங்கினால் விஷயம் தெளிவு. அந்தப் புகைக்குள் தினமும் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு மூச்சுக்குழாய்க்குச் சூடு வைத்தால் பலனில் பெரும்பகுதி வீண்.

மருந்துப் பையையும் கொட்டிப் பாருங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து ஆஸ்துமாவைக் கிளப்பும். கண்ணில் போடுவது நெஞ்சுக்கு வரும் என்று யாரும் நினைப்பதில்லை. ப்ரொப்ரனலால் மாத்திரையும் அப்படியே. சிலருக்கு ஆஸ்பிரினும் வலி மாத்திரைகளும் ஆகாது, மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு முக்கியமாக. நெஞ்செரிச்சல், குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நிற்பது, குரல்நாண் இறுகுவது ஆகியவையும் ஆஸ்துமா போல நடிக்கும் அல்லது அதைக் கூட்டும்.

பரிசோதனைகளில் இவை கையில் இருக்க வேண்டும்: மூச்சுக்குழல் விரிப்பிக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை), நெஞ்சு சி.டி. ஸ்கேன், ரத்தத்தில் ஈசினோஃபில் (ஒவ்வாமையில் கூடும் ஒரு வகை வெள்ளை அணு) எண்ணிக்கை, மொத்த ஐ.ஜி.இ. (ஒவ்வாமையைக் காட்டும் ரத்தப் புரதம்), ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கான தனி ஐ.ஜி.இ. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடக் கூடாது. பூஞ்சை ஒவ்வாமையால் வரும் நுரையீரல் நோய் நம் நாட்டு ஆஸ்துமாக்காரர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. அதற்கு மருந்து வேறு, சூடு அல்ல. ஈசினோஃபில் மிக அதிகமாக இருந்தால் யானைக்கால் கிருமி, குடல்புழு இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். சளியில் காசநோய் இல்லை என்பதும் எழுத்தில் வேண்டும். ஈசினோஃபில் ரத்தத்தை ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கும் முன் எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு உள்ளே போன பிறகு எடுத்தால் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும், அதை நம்பி முடிவெடுத்தால் அடுத்த பகுதியில் சொல்லும் வழியே மூடிப்போகும்.

ஊசி வழி முதலில்

ஈசினோஃபில் கூடியிருந்தால் மெபோலிசுமாப், பென்ராலிசுமாப், ஒவ்வாமையும் ஐ.ஜி.இ.யும் கூடியிருந்தால் ஒமாலிசுமாப். தோலுக்கடியில் போடும் இந்த ஊசிகள் கடும் ஆஸ்துமாவின் வீக்கத்தை நேரடியாக அடக்குபவை. மெபோலிசுமாப் 4 வாரத்துக்கு ஒன்று. பென்ராலிசுமாப் முதல் மூன்று ஊசிக்குப் பிறகு 8 வாரத்துக்கு ஒன்று. ஒமாலிசுமாப் எடையையும் ஐ.ஜி.இ. அளவையும் பார்த்து 2 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை. விலை கனமானது, தொடர்ந்து போட வேண்டியது. ஆனால் பலன் இல்லையென்றால் நான்கைந்து மாதத்தில் நிறுத்திவிடலாம். நிறுத்தக்கூடியதை முதலில் முயல்வதும், திருப்ப முடியாததைக் கடைசியில் வைப்பதும்தான் சரியான வரிசை என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஊசிக்குத் தகுதி இல்லாதவர்கள், போட்டும் பலன் காணாதவர்கள், தொடர்ந்து வாங்கவே முடியாதவர்கள் ஆகியோருக்குத்தான் தெர்மோபிளாஸ்டி பேச்சு பொருந்தும். அவர்களிலும் டியோட்ரோபியம் இன்ஹேலர் சேர்த்துப் பார்த்தாயிற்றா, வாரம் மூன்று நாள் 500 மில்லிகிராம் அசித்ரோமைசின் முயன்றாயிற்றா என்று கேளுங்கள். பின்னதைத் தொடங்கும் முன் ஈ.சி.ஜி.யும் சளிப் பரிசோதனையும் வேண்டும்.

100 பேராக வைத்துப் பாருங்கள்

சதவீதம் காதுக்குப் பெரிதாகக் கேட்கும். இந்தச் சிகிச்சை பற்றி 2010ல் வெளிவந்த ஏ.ஐ.ஆர்.2 என்ற ஆய்வை 100 பேர் கணக்காக மாற்றினால் உண்மை அளவு தெரியும். அதில் 288 பேர். 190 பேருக்கு உண்மையான சிகிச்சை. 98 பேருக்கு டியூப் மட்டும் விட்டு, சூடு கொடுக்காமல் எடுத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை.

வாழ்க்கைத்தரம் குறிப்பிடும்படி மேம்பட்டவர்கள்: சூடு கொடுத்த 100 பேரில் 79, கொடுக்காத 100 பேரில் 64. சூட்டினால் கூடுதலாகப் பலன் அடைந்தவர்கள் 15 பேர்தான். அந்த 64ஐ அலட்சியம் செய்யாதீர்கள். நெருக்கமான கவனிப்பும் ஒழுங்கான மருந்தும் நம்பிக்கையும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை அது காட்டுகிறது.

கடும் இளைப்பு தாக்கியவர்கள்: சூடு கொடுத்தவர்களில் 100க்கு 26, மற்றவர்களில் 40. இளைப்புக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியது: சூடு கொடுக்காத 100 பேருக்கு வருஷத்துக்கு 43 தடவை, கொடுத்த 100 பேருக்கு 7 தடவை. இந்தச் சிகிச்சையின் பலமான பக்கம் இதுதான். நள்ளிரவில் 108ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அடிக்கடி ஓடும் ஒருவருக்கு அது மிகப் பெரிய விஷயம். ஆனால் இந்த எண்கள் எல்லாம் கடைசி அமர்வு முடிந்து 6 வாரத்துக்குப் பிந்தைய காலத்துக்கு உரியவை.

அந்த முதல் காலகட்டத்தின் கணக்கு தலைகீழ். அமர்வுகள் நடந்த வாரங்களில் மூச்சுப் பிரச்சினையால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் சூடு கொடுத்தவர்களில் 100க்கு 8 பேர், மற்றவர்களில் 2 பேர். பெரும்பாலான இளைப்பும் இருமலும் ஒரு நாளுக்குள் தொடங்கி ஒரு வாரத்தில் அடங்கின.

ஸ்பைரோமெட்ரியில் ஊதும் அளவு இதனால் உயர்வதில்லை. "நுரையீரல் பலம் கூடும்" என்று யாராவது விற்றால் அதை நம்ப வேண்டாம். 5 வருஷத் தொடர்ச்சியில் பலன் நிலைத்தது, ஆனால் ஒப்பிடுவதற்கான மற்றக் குழுவை ஒரு வருஷத்துக்கு மேல் பின்தொடரவில்லை. 2021ல் வந்த 10 வருஷத் தொடர்ச்சி ஆய்விலும் பலன் நின்றது தெரிந்தது. கூடவே, ஆரம்ப ஸ்கேனில் இல்லாத மூச்சுக்குழாய் விரிவு நோய் (குழாய் நிரந்தரமாக விரிந்து சளி தேங்குவது) 89 பேரில் 6 பேருக்குப் பின்னர் தென்பட்டது. முதல் ஸ்கேன் கையில் இல்லாமல் சிகிச்சை தொடங்கக் கூடாது என்பதற்கு இதுவும் காரணம்.

இன்னொரு விஷயம்: ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் மிக மோசமானவர்கள் அல்ல. ஊதும் அளவு 60 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்கள், வருஷத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், தினம் 10 மில்லிகிராமுக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதில் இல்லை. உங்கள் நிலை அதைவிட மோசம் என்றால், மேலே சொன்ன லாபத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆபத்தைக் கூட்டித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தராசின் எதிர்த்தட்டில், ஒன்றும் செய்யாமல் இருப்பதன் விலையையும் வைக்க வேண்டும். 40 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோன் 5 நாள் என்றால் 200 மில்லிகிராம். அப்படி ஐந்து முறை எடுத்தால் 1 கிராம். வாழ்நாளில் சேர்ந்த மொத்த அளவு அந்த மட்டத்துக்கு வரும்போதே சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண்புரை போன்றவற்றின் ஆபத்து ஏறத் தொடங்குகிறது. கடந்த இரண்டு வருஷத்துச் சீட்டுகளை அடுக்கி எத்தனை முறை என்று எண்ணுங்கள். கிளினிக்கில் போட்ட ஊசிகளையும் சேர்த்தே எண்ணுங்கள்.

யாருக்குக் கூடாது

பேஸ்மேக்கர், இதயத் துடிப்புக் கருவி, உடம்புக்குள் பொருத்திய வேறு எந்த மின்கருவி இருந்தாலும் கூடாது. லிக்னோகைன், அட்ரோபின், மயக்கத்துக்கான பென்சோடயசெபைன் மருந்துகள் ஆகாதவர்களுக்குக் கூடாது. ஒரு முறை சூடு கொடுத்த இடத்தில் மறுமுறை கூடாது. சளி, காய்ச்சல், நெஞ்சுத் தொற்று இருந்தாலோ, கடந்த 14 நாளில் இளைப்பு தாக்கியிருந்தாலோ, ஸ்டீராய்டு மாத்திரையின் அளவு மாறியிருந்தாலோ தள்ளிப்போட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்பதை இதய டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். தாமாக நிறுத்தக் கூடாது.

முடிவு "சரி" என்றால்: நாளும் ஊரும் பார்த்தல்

முதல் அமர்விலிருந்து மூன்றாவது வரை குறைந்தது 6 வாரம், அதன் பிறகு 6 வாரம் கவனம். ஆக மொத்தம் மூன்று மாதம். நமக்கு இரண்டு மழை. இரண்டிலும் இளைப்பு கூடும் ஆட்கள் பலர். உங்களுக்கு எந்த மாதம் மோசம் என்பதைச் சீட்டுகளில் பார்த்து, அந்த மாதத்தை ஒதுக்கி நாள் குறியுங்கள். பலருக்கு தை பிற்பகுதியில் தொடங்கி சித்திரைக்குள் முடிப்பது தோது.

கருவியும் கத்தீட்டரும் இப்போது கிடைக்கின்றனவா, மூன்று அமர்வுக்கும் கைவசம் உள்ளனவா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன் உறுதி செய்யுங்கள். இந்த டாக்டர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ஐ.சி.யு. அதே கட்டடத்தில் இருக்கிறதா, ஒரு பேக்கேஜ் என்பது ஒரு அமர்வுக்கா மூன்றுக்குமா, இடையில் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், இந்தச் சிகிச்சை பட்டியலில் வருகிறதா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேட்க வேண்டும். டாக்டரின் வாய்மொழி போதாது.

வெளியூர் மையம் என்றால், திருவனந்தபுரமே நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். களியக்காவிளை தாண்டி நெரிசலில் சிக்கினால் நேரம் சொல்ல முடியாது. இளைப்பு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வருவதால் அன்றே காரில் திரும்பாதீர்கள். முதல் இரவு ஆஸ்பத்திரியில், இரண்டாம் இரவு அதே ஊரில். மூன்று தடவையும் இப்படியே. உடன் வருபவருக்கு லீவு கிடைக்குமா என்பதையும் இப்போதே பாருங்கள்.

மாத்திரை: வழக்கமாக ப்ரெட்னிசோலோன் தினம் 50 மில்லிகிராம், முந்திய 3 நாள், அன்று, மறுநாள் என 5 நாள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த 5 நாளும் அளவு எகிறும். காலை வெறும் வயிற்றில் சரியாக இருந்தாலும் மாலையில் ஏறும். எனவே மாலையிலும் குத்திப் பாருங்கள், மருந்தளவை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அன்று 6 மணி நேரம் சாப்பாடு கூடாது. இன்ஹேலரை மட்டும் வழக்கம்போல் எடுத்தே ஆக வேண்டும். "வெறும் வயிறு" என்று அதையும் விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு, அது தவறு. காலையில் ஊதிப் பார்க்கும்போது அளவு வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்திருந்தால் தள்ளிப்போடுவார்கள். அதற்கு வருத்தப்பட வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம்.

வீட்டுக்கு விடும் முன், விரிப்பி கொடுத்து ஊதிய அளவு சிகிச்சைக்கு முந்தியதில் 80 சதவீதத்தையாவது தொட்டிருக்க வேண்டும். அந்த எண்ணை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சூடு கொடுத்த பகுதி எது, தேதி என்ன, ஸ்டீராய்டு எத்தனை நாள் என்பதும் அதே சீட்டில் இருக்கட்டும். காரணம் உண்டு. சிகிச்சைக்குப் பின் சில நாள் எடுக்கும் எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் அந்தப் பகுதி வெளுத்து, நிமோனியா போலவே தெரியும். பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தெளிந்துவிடும். இது தெரியாத ஊர் டாக்டர் தேவையில்லாத ஆன்டிபயாடிக் தொடங்கலாம். சில நேரம் மாறாக, கெட்டிச் சளி அடைத்து ஒரு பகுதி உண்மையாகவே சுருங்கியிருக்கும். அப்போது டியூப் விட்டு எடுக்க வேண்டி வரும்.

வீட்டில் காலை மாலை பீக் ஃப்ளோ, விரலில் ஆக்சிஜன் அளவு. சளியில் ரத்தக் கீற்று இரண்டொரு நாள் வரலாம். ஒரு தேக்கரண்டிக்கு மேல் ரத்தம், 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், ஒரு பக்க நெஞ்சுவலி, ஆக்சிஜன் 92க்குக் கீழ், பீக் ஃப்ளோ உங்கள் சிறந்த அளவில் 60 சதவீதத்துக்குக் கீழ், நிவாரண இன்ஹேலர் இழுத்து நான்கு மணி நேரம்கூடத் தாங்காத இளைப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் 108. சிகிச்சை செய்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை. பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, அந்தச் சீட்டோடு போங்கள்.

முதல் அமர்வுக்குப் பிறகு மோசமாகப் படுக்க நேர்ந்தால், இரண்டாவதற்குப் போவது கட்டாயமில்லை. பணம் கட்டிவிட்டோமே என்று போகாதீர்கள். 3 வாரம் என்பது குறைந்தபட்ச இடைவெளி; ஊதும் அளவு பழைய நிலைக்கு வரும்வரை நீட்டிக்கொள்ளலாம்.

மூன்றும் முடிந்த பிறகும் இன்ஹேலர் தொடரும். முதல் 6 வாரத்தில் எதையும் குறைக்கக் கூடாது. 3, 6, 12 மாதங்களில் ஏ.சி.டி. என்ற கேள்வித்தாளில் ஆஸ்துமா கட்டுப்பாட்டு மதிப்பெண் போடுங்கள். 25க்கு 19 அல்லது அதற்குக் கீழ் என்றால் கட்டுப்படவில்லை. அவசர சிகிச்சைக்குப் போன தடவையும் ஸ்டீராய்டு எடுத்த தடவையும் முந்திய வருஷத்தோடு ஒப்பிட்டு, ஒரு வருஷத்தில் குறையவே இல்லையென்றால் ஊசி வழியை மறுபடி டாக்டரோடு பேசுங்கள். சூடு கொடுத்தவர்களுக்கு அந்த ஊசிகளைப் போடத் தடை ஒன்றும் இல்லை. இரண்டு ஸ்கேன் சி.டி.களையும், முந்தியதும் பிந்தியதும், வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பத்து வருஷம் கழித்து விடாத சளி வந்தால் ஒப்பிட அவை வேண்டும்.